பேர் வெட்டிய சொம்பும் ராஜராஜன் காசும்: பழம்பொருளை இணையத்தில் நாணயமாக விற்க, வாங்க

போகிக்கு முந்தின வாரமும், பழைய வீடு கைமாறும் மாதமும்தான் தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கம் பரணிலிருந்து பழம்பொருள் இறங்கும் காலம். முன்பெல்லாம் எடைக்குப் போட்டுவிடுவார்கள். இப்போது இறக்கிய கையோடு செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவிலோ ஃபேஸ்புக்கிலோ போட்டுவிடுகிறார்கள். தகராறும் அந்தப் படத்திலிருந்தே தொடங்குகிறது. ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். விற்றவர் ஒரு விரிசலைச் சொல்லாமல் விட்டிருப்பார், வாங்கியவர் எடையைக் கேட்காமல் விட்டிருப்பார். பணம் கைமாறுமுன் சொன்ன குறைக்கு விலை நூறு இருநூறு குறையும். பார்சலைப் பிரித்தபின் தெரிந்த குறைக்குப் பேர் போகும்.

முதலில், விற்கவே கூடாதவை

கோயில் விக்கிரகம், கல்சிலை, தேர்ச்சிற்பத் துண்டு, கோயில் பேர் பொறித்த மணி, விளக்கு எதையும் விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். 'எங்கள் கொல்லையில் கிடைத்தது' என்பது சமாதானம் ஆகாது. திருவாரூர் மாவட்டம் பத்தூரில் 1976-ல் மண்ணிலிருந்து கிடைத்த நடராஜர் லண்டன் வரை போய், அங்கே வழக்கு நடந்து, 1991-ல்தான் திரும்பினார். ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்திலிருந்து 2014-ல் வந்தார். தமிழ்நாடு காவல்துறையில் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 1983-லிருந்து இருக்கிறது. இணையத்தில் போட்ட படம் அவர்களுக்கும் தெரியும்.

மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த புதையல் எதுவானாலும், மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம். கொள்ளிடத்து மணலைச் சலித்து எடுத்தது, கிணறு தூர் வாரியபோது வந்தது என்று பெருமையாக எழுதி விற்பவர், தன் மீதே வழக்குக்கு ஆதாரம் எழுதிக் கொடுக்கிறார்.

1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த பொருளும், 75 ஆண்டு கடந்த கையெழுத்துப் பிரதியும் தொல்பொருள். அவற்றை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். பழைய சிற்பம், ஓவியம் போன்ற சில வகைகளை வைத்திருப்பவரே பதிவு செய்தாக வேண்டும். நாட்டைவிட்டு வெளியே அனுப்புவதற்குத் தனியாருக்கு அனுமதியே இல்லை. மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகம் 3 ஆண்டு சிறை. 'தாத்தாவின் விக்டோரியா ரூபாயைச் சிங்கப்பூரில் இருக்கும் பேரனுக்கு அனுப்பலாமா' என்று கேட்பவருக்கும் இதுதான் பதில். சுவாமிமலையில் புதிதாக வார்த்த சிலையை வெளிநாடு அனுப்ப நினைத்தால், கடை ரசீதோடு இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.

யானைத் தந்தத்தில் செய்த சீப்பு, தாயக்கட்டை, கத்திப்பிடி, மான்கொம்பு எல்லாம் வனவிலங்குச் சட்டத்துக்குள் வருபவை. 'பழசு, பாட்டி காலத்தது' என்றாலும் விற்க முடியாது. ஓலைச்சுவடி இருந்தால் விலை பேசுவதற்கு முன் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் காட்டுங்கள். கட்டுக் குலையாமல் இருந்தால்தான் அது சுவடி. ஏடு ஏடாகப் பிரித்துச் சட்டம் போட்டு விற்பது பாவம் என்பது எங்கள் கருத்து. அரிசியை ஈர்க்கும் கலசம், இரிடியம் என்று யாராவது மோசடிப் பேச்செடுத்தால் பதில் சொல்லாமல் எண்ணைத் தடை செய்துவிடுங்கள்.

கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்

விவரணையில் இரண்டு வகைச் செய்தி உண்டு. ஒன்று அளந்து பார்த்தது: எடை, உயரம், உலோக நிறம், எழுத்து, சேதம். மற்றொன்று ஊகம்: வயசு, யார் காலம், எந்த ஊர். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்தால்தான் பொய் நுழையும். 'சோழர் கால வெண்கலச் சொம்பு' என்பதில் சொம்பு மட்டுமே நிச்சயம்.

டெல்டாவில் அதிகம் விற்பனைக்கு வருவது பித்தளை, வெண்கலப் பாத்திரம். கல்யாணச் சீரில் வந்தது என்றால் கழுத்திலோ அடியிலோ பேர் வெட்டியிருக்கும். வயசு சொல்ல அந்த எழுத்தைவிட நல்ல சாட்சி கிடையாது, அவசரப்பட்டுப் படிக்காத வரை. தமிழ் வருஷம் 60 ஆண்டுக்கொரு முறை சுற்றி வரும். 'பிரபவ வருஷம்' என்று இருந்தால் அது 1927 ஆகவும் இருக்கலாம், 1987 ஆகவும் இருக்கலாம். விற்பவர் முதலாவதைச் சொல்வார், வாங்குபவர் இரண்டாவதைச் சந்தேகிப்பார். எழுத்தைப் பாருங்கள். 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முன் 'னை', 'லை' எல்லாம் தும்பிக்கை போட்ட எழுத்து, 'ணா', 'றா', 'னா' சுழித்த எழுத்து. பாத்திரத்தில் இப்போதைய 'னை' இருந்தால் 1927 என்று சொல்வதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். தும்பிக்கை எழுத்து இருப்பதால் மட்டும் பழசு என்றும் ஆகிவிடாது, பேர் வெட்டுபவரின் பழகிய கை சட்டென்று மாறாது. சிற்றுளி வைத்துத் தட்டிய எழுத்தில் ஒவ்வொரு வெட்டும் தனித்தனியாகத் தெரியும். மின்கருவியால் எழுதியது நடுங்கிய நூல் போல ஒரே ஆழத்தில் ஓடும்.

பேரை ராவி எடுத்துவிட்டு விற்காதீர்கள். சேகரிப்பவருக்கு அந்தப் பேர்தான் பாதி மதிப்பு, ராவிய இடம் எப்படியும் பள்ளமாகக் காட்டிக்கொடுக்கும். குடும்பப் பேர் ஊரெல்லாம் தெரிய வேண்டாம் என்று தோன்றினால் பொதுவில் போடும் படத்தில் மட்டும் மறைத்துவிட்டு, பேர் இருக்கிறது என்பதை எழுத்தில் சொல்லுங்கள். வாங்கியவரும் அதே மரியாதையைக் காக்க வேண்டும். 'இன்னார் வீட்டுச் சொம்பு எடைக்கு வந்தது' என்று குழுவில் படம் போடுவது அந்த வீட்டுக்காரருக்கு எவ்வளவு சங்கடம்!

ஒரு விவரணை இப்படி இருந்தால் போதும்:

'பித்தளைச் சொம்பு. உயரம் 16 செ.மீ., வாய் 9 செ.மீ., எடை 640 கிராம். கழுத்தில் பேரும் "விக்கிரம வருஷம் தை" என்ற வரியும் வெட்டியிருக்கிறது. 1941 அல்லது 2001, எது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, எழுத்தின் படம் 3-ல். அடியில் நெல்லளவு நசுங்கல், படம் 4. வாய் விளிம்பில் ஒருமுறை பற்றவைத்த தடம், படம் 5. தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் வைத்தேன், ஒழுகவில்லை. புளி போட்டுத் தேய்த்திருக்கிறது. விலை ₹1,800, தபால் செலவு தனி. கைக்கு வந்த 3 நாளுக்குள் சொன்னால் திருப்பி எடுத்துக்கொள்வேன்.'

புளியைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பாத்திரத்தைப் புளி, சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்ப்பது நம் வீட்டுப் பழக்கம், பாத்திரத்துக்கு அது பெரிய குற்றமில்லை. காசுக்கு அது கொலை. செப்புக்காசின் மேல் ஆண்டாண்டாகப் படிந்த கரும்பழுப்புப் படலம்தான் அதற்குக் கவசம். புளியின் அமிலம் அதைத் தின்றுவிட்டால் அடியில் இளஞ்சிவப்புச் செம்பு வெளியே வரும், எழுத்தின் கூர்மையும் போகும். அப்படிப்பட்ட காசு பாதி விலைக்குப் போனாலே பெரிது. தேய்த்திருந்தால் 'தேய்த்தது' என்று ஒரு சொல் எழுதிவிடுங்கள். தேய்க்காவிட்டால் அழுக்கோடு அப்படியே விற்கலாம்.

ஈயச்சொம்புக்கு ஓர் எச்சரிக்கை. ரசத்துக்கான ஈயம் என்பது வெள்ளீயம். பழைய சொம்பில் காரீயம் கலந்திருந்தால் அது நஞ்சு. வெள்ளைத் தாளில் உரசிக் கருங்கோடு அழுத்தமாக விழுந்தால் காரீயம் இருக்கக்கூடும். கோடு விழாவிட்டாலும் சுத்தம் என்று சான்று கொடுக்க முடியாது. ஆகவே 'சமையலுக்கு உகந்தது' என்று எழுதாதீர்கள், 'காட்சிக்கு மட்டும்' என்று எழுதுங்கள்.

காசில் நடக்கும் குழப்பங்கள்

ராஜராஜன் செப்புக்காசு என்று விற்கப்படுவதில் ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்ற பேரும் இருக்க வேண்டும், எடை சுமார் 4 கிராம். இதே அச்சைப் பார்த்து இலங்கையில் பொலன்னறுவை அரசர்களும் காசு அடித்தார்கள். பராக்கிரமபாகு, நிச்சங்கமல்லன், அரசி லீலாவதி பேர்கள் அந்த நாகரி எழுத்தில் இருக்கும். உருவத்தை மட்டும் பார்த்தால் எல்லாமே ராஜராஜன்தான். எழுத்துப் பக்கத்தைப் பெரிதாகப் படம் எடுத்துப் போடுங்கள், படிக்கத் தெரியாவிட்டால் 'ராஜராஜன் வகைக் காசு, எழுத்தைப் படிக்கவில்லை' என்று எழுதுங்கள்.

நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வி.ஓ.சி. முத்திரை உள்ள எல்லாச் செப்புக்காசையும் 'நாகப்பட்டினம் டச்சுக் காசு' என்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை நெதர்லாந்தில் அடித்து ஜாவா பக்கம் புழங்கியவை. நாகப்பட்டினத்துக் காசுகளில் ஊர்ப்பேர் தமிழிலேயே பொறித்த வகை உண்டு, அவை வேறு. (முத்திரையில் இருக்கும் வி.ஓ.சி.க்கும் நம் வ.உ.சி.க்கும் சம்பந்தமில்லை.) தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்களுடையது. அங்கத்திய காசில் ஒரு பக்கம் அரசர் பேரின் முதலெழுத்துகள், மேலே கிரீடத்தோடு, இருக்கும். கடற்கரையில் கிடந்து உப்புத் தின்ற காசுகளில் அது அரைகுறையாகத்தான் தெரியும். தெரியாத எழுத்தைத் தெரிந்தது போல எழுத வேண்டாம்.

வெள்ளி ரூபாய்க்கு 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு அவசியம். 1835 முதல் 1939 வரையிலான ரூபாயின் எடை 11.66 கிராம், வெள்ளி நூற்றுக்கு 91.67. புழங்கித் தேய்ந்ததில் கால் கிராம் குறையலாம். ஒரு கிராம் குறைந்தால் வார்ப்புப் போலி என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் ஒட்டுக் கோடு, காசின் வெற்றுப்பரப்பில் ஊசிமுனைப் பள்ளங்கள், எழுத்தின் ஓரம் சோப்பு மாதிரி மழுங்கியிருப்பது எல்லாம் வார்ப்பின் அடையாளம். 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது, விளிம்பின் அமைப்பும் மாறியது. 1939 ரூபாய் மிக அரிது, அதனால்தான் ஆண்டைத் திருத்திய போலிகள் வருகின்றன. காந்தத்தில் ஒட்டினால் வெள்ளி இல்லை. ஆனால் 1947 ரூபாய் நிக்கல், அது ஒட்டத்தான் செய்யும், போலி என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

ராமர் பட்டாபிஷேகம் ஒரு பக்கமும் 'கிழக்கிந்தியக் கம்பெனி 1818' மறுபக்கமும் போட்ட காசைக் கம்பெனி அடிக்கவே இல்லை. கோயில் வாசல் நினைவு வில்லை அது. ஐம்பது ரூபாய்க்கு 'நினைவு வில்லை' என்று விற்றால் யோக்கியம், ஐந்தாயிரத்துக்கு விற்றால் மோசடி.

பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு, 2010 என்று ஆண்டு பொறித்த 5 ரூபாய், 1,000 ரூபாய் நாணயங்கள் வெளிவந்தன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, பையில் கிடந்த 5 ரூபாய்க்கு லட்சம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1,000 ரூபாய் நாணயம் 35 கிராம் எடையுள்ள வெள்ளிக் கலப்பு, புழக்கத்துக்கு வரவில்லை. 5 ரூபாய் கடைத்தெருவில் புழங்கியது.

ரூபாய் நோட்டில் சொல்ல வேண்டியவை: நடுமடிப்பு, வங்கிக் கட்டில் குத்திய பின் ஓட்டை, மூலை மழுங்கல், பேனாக் கிறுக்கல், கழுவி இஸ்திரி போட்டது. கடைசியானதைத்தான் மறைப்பார்கள். இஸ்திரி போட்ட நோட்டில் மடிப்பு தெரியாது, ஆனால் விரலால் சுண்டினால் மொடமொடப்பு இருக்காது, சாய்வாக வெளிச்சம் விட்டால் அச்சு மேடும் தட்டையாகியிருக்கும்.

தஞ்சாவூர்ப் படமும் தட்டும்

பழசு என்று சொல்லும் தஞ்சாவூர் ஓவியத்தில் முகத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். சிறு புள்ளி புள்ளியாக நிறம் பிரிந்தால் அச்சடித்த படத்தின் மேல் கல்லும் தகடும் ஒட்டியிருக்கிறார்கள். தூரிகைத் தடம் இருந்தால் வரைந்தது. தகடு அசல் 22 காரட் தங்கமா என்பதை ரசீது இல்லாமல் உறுதி சொல்லாதீர்கள். போலித் தகடு டெல்டா மழைக்கால ஈரத்தில் சில வருஷத்திலேயே கறுக்கத் தொடங்கிவிடும். புகை காட்டி, தேயிலைச் சாறு பூசிப் பழசாக்கிய படமும் வருகிறது. அப்படிப்பட்டதில் சட்டத்தின் முன்பக்கம் பழுத்திருக்கும், பின்பலகை புதுசாக இருக்கும். பின்பக்கப் படம் கேட்டால் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். தஞ்சாவூர்த் தட்டுக்கும் இதே விதி: மேலே புடைப்பு வேலை வெள்ளியா, வெள்ளி முலாமா, வேறு தகடா என்று எழுத்தில் வாங்குங்கள்.

படம் பிடிக்கும் முறை

காலை 8-லிருந்து 10 மணிக்குள் திண்ணை நிழலில் வைத்து எடுங்கள். நேர் வெயிலில் பித்தளை தங்கமாகத் தெரியும், குழல்விளக்கில் வெள்ளி ஈயமாகத் தெரியும். அழகுபடுத்தும் வடிகட்டி எதுவும் வேண்டாம். முன், பின், மேல், அடி, விளிம்பு, சேதம் என்று ஆறு படம், ஒன்றில் அளவுகோல் பக்கத்தில். ஒரு துண்டுத் தாளில் உங்கள் பேரும் அன்றைய தேதியும் எழுதிப் பொருளோடு சேர்த்து ஒரு படம். பொருள் உங்களிடம்தான் இருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. அடுத்தவர் படத்தை எடுத்துப் போட்டு 'இதே மாதிரி' என்று விற்பவரிடம் வேறு கேள்வியே கேட்க வேண்டியதில்லை.

விலை

கேட்கும் விலை வேறு, போன விலை வேறு. இணையத்தில் ஒருவர் 5 ரூபாய் டிராக்டர் நோட்டுக்கு 2 லட்சம் கேட்டிருக்கிறார் என்பதால் அது விலை ஆகாது. ஏலத்தில் உண்மையில் விற்ற மூன்று விலையைத் தேடி, நிலைக்குத் தகுந்தபடி கூட்டிக் குறையுங்கள். பழைய நோட்டு, காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக்கட்டணம் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கி பேரில் வரும் செய்தி மோசடி. அந்த வங்கி இப்படிப்பட்ட வியாபாரத்தில் இல்லை, கட்டணம் கேட்பதும் இல்லை என்று 2021-ல் அறிவிப்பே கொடுத்திருக்கிறது.

வாங்குபவருக்குப் பொருளின் மதிப்பு தெரிந்து, விற்பவருக்குத் தெரியாதபோது என்ன செய்வது? வியாபாரியிடம் மலிவாகக் கிடைத்தால் அது உங்கள் படிப்புக்குக் கூலி. பதில் சொல்ல வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை. ஆனால் தனியாக இருக்கும் ஒரு பாட்டி 'தம்பி, இது என்ன பெறும்?' என்று கேட்டுவிட்டால் கதை மாறுகிறது. கேள்விக்குப் பதில் சொன்ன நொடியிலிருந்து நீங்கள் மதிப்பீட்டாளர். மதிப்புச் சொன்னவரே குறைத்து வாங்கினால் பச்சைத் துரோகம். நியாயமான விலையைச் சொல்லி, 'நான் வாங்கினால் இதில் இருபது சதம் குறைத்துத்தான் தர முடியும், மறுபடி விற்க வேண்டும், வேறு இரண்டு பேரிடமும் கேட்டுப் பாருங்கள் அம்மா' என்று சொல்லிவிடலாம். சாவு வீட்டில் பதினாறாம் நாள் முடிவதற்குள் விலை பேசப் போகாதீர்கள், செய்தியும் அனுப்பாதீர்கள்.

பேச்சு

'லாஸ்ட் பிரைஸ்?' என்று மட்டும் வரும் செய்திக்குப் பாதிப் பேர் பதிலே போடுவதில்லை, சரிதான். முழுதாகக் கேட்க நான்கு வரி போதும்:

'வணக்கம் அம்மா. நீங்கள் போட்ட வெற்றிலைச் செல்லம் இன்னும் இருக்கிறதா? மூடியின் கீல் அசல்தானா, உள்ளே சுண்ணாம்பு டப்பி இருக்கிறதா? ₹2,500 சொல்லியிருக்கிறீர்கள், ₹2,200-க்குக் கொடுக்க முடிந்தால் இன்றே பணம் அனுப்பிவிடுகிறேன். முடியாவிட்டால் பரவாயில்லை, சொல்லுங்கள்.'

ஒரு முறை குறைத்துக் கேட்கலாம். அவர் ஒத்துக்கொண்ட பிறகு, பணம் போடும் நேரத்தில் மறுபடி நூறு குறைக்கச் சொல்வதுதான் அநாகரிகம். 'எடுத்துக்கிறேன்' என்று சொன்னால் எடுத்துக்கொள்ள வேண்டும். முடியாமல் போனால் அன்றைக்கே சொல்லிவிட்டால் விற்பவர் அடுத்தவரிடம் போவார். பத்து நாள் பதில் இல்லாமல் இருந்துவிட்டு 'மறந்துட்டேன் சார்' என்றால் அடுத்த முறை எந்தக் குழுவிலும் உங்களுக்காகப் பொருளை நிறுத்திவைக்க மாட்டார்கள். விற்பவருக்கும் இது பொருந்தும். ஒருவருக்குச் சொன்ன விலையை, இன்னொருவர் கூடுதலாகத் தருகிறார் என்று மாற்றக் கூடாது. முன்பணம் இல்லாமல் எத்தனை மணி நேரம் நிறுத்திவைப்பீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள், 24 மணி நேரம் பொதுவாக ஒத்துவரும்.

அடுத்தவர் விற்பனைப் பதிவின் கீழே 'இதே என்கிட்ட நானூறுக்கு இருக்கு' என்று எழுதாதீர்கள். பொருள் போலி என்று தெரிந்தால் முதலில் தனிச்செய்தியில், காரணத்தோடு சொல்லுங்கள்: 'சார், எடை 9.8 கிராம் போட்டிருக்கிறீர்கள், 11.66 இருக்க வேண்டும், ஒருமுறை பாருங்களேன்.' தெரியாமல் விற்பவர் நன்றி சொல்லி எடுத்துவிடுவார். தெரிந்தே விற்பவர் சண்டைக்கு வருவார், அப்போது குழுப் பொறுப்பாளரிடம் போகலாம்.

குழு ஏலத்தில் முடியும் நேரம், தொடக்க விலை, ஒவ்வொரு கேள்விக்கும் (ஏலத்தில் கேட்கும் தொகைக்கும்) எவ்வளவு ஏற வேண்டும் என்ற மூன்றும் தொடக்கச் செய்தியிலேயே இருக்கட்டும். '9:00 மணிக்கு முடியும், கடைசி 2 நிமிடத்தில் யாராவது கேட்டால் இன்னும் 2 நிமிடம் நீளும்' என்று போட்டுவிட்டால் கடைசி நொடித் தகராறு தீரும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்த முடியும். ஆகவே திருத்திய அடையாளம் உள்ள கேள்வி செல்லாது என்பதையும் விதியில் சேருங்கள். சொந்தக்காரரை உட்காரவைத்து விலை ஏற்றுவது சின்ன ஊரில் ரொம்ப நாள் மறையாது.

பணம்

பணம் வாங்க யுபிஐ பின் போட வேண்டியதில்லை, கியூஆர் குறியை நீங்கள் ஸ்கேன் செய்ய வேண்டியதும் இல்லை. 'ராணுவத்தில் இருக்கேன், விலை பேச மாட்டேன், இந்தக் குறியை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்' என்பவரின் பேச்சு அங்கேயே முடிந்தது. அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் வங்கிக் கணக்கின் இருப்பைப் பார்த்தபின் பார்சலைக் கட்டுங்கள். புது ஆளிடம் வாங்குவதென்றால் முதலில் சிறு தொகைப் பொருள் ஒன்றை வாங்கிப் பார்க்கலாம். பெரிய தொகைக்குக் கும்பகோணம், திருவாரூர் தூரம்தானே, பேருந்தேறி நேரில் பார்த்து வாங்குவதே மேல். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். பணம் நகர்ந்துகொண்டே இருக்கும், முதல் சில மணி நேரம்தான் நிறுத்திவைக்க வாய்ப்பு.

கட்டுவது

காசை உறையில் தனியாகப் போட்டால் குலுங்கும், குலுங்கும் உறை வழியில் கிழியும். காசு உறைக்குள் வைத்து, இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே ஒட்டி, ஒட்டுநாடா காசின் மேல் படாமல் பாருங்கள். மிருதுவான பிவிசி உறையில் ரொம்ப நாள் வைத்த செம்பும் வெள்ளியும் பச்சையாகப் பிசுபிசுக்கும், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் இன்னும் வேகமாக. பாலிப்ரோப்பிலின் அல்லது மைலார் உறையாகக் கேட்டு வாங்குங்கள். தபால்தலை என்றால் பசைப் பக்கம் ஒட்டிக்கொள்ளாமல் வழுவழுப்பான தாளை நடுவில் வைத்து, வெளியே பிளாஸ்டிக் சுற்றி, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். மழை மாதத்தில் வைக்கோல் அடைக்க வேண்டாம், ஈரமும் பூச்சியும் கூடவே போகும்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கைப் பாதம், தண்டு, தட்டு, உச்சி என்று திருகிக் கழற்றித் தனித்தனியாகச் சுற்றுங்கள். மறையில் துணி சுற்ற மறந்தால், உலோகம் உலோகத்தில் இடித்து மறை நசுங்கும், போய்ச் சேர்ந்த வீட்டில் விளக்கு சாய்ந்தே நிற்கும். தலையாட்டி பொம்மையின் தலையையும் இடுப்பையும் கம்பியிலிருந்து எடுத்துத் தனிப் பெட்டியில் வையுங்கள், கம்பிமுனை வளைந்தால் ஆட்டம் போய்விடும். பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. காசு, வெள்ளிக்குக் காப்பீடு செய்யாமல் அனுப்பாதீர்கள், எவ்வளவுக்குக் காப்பீடு கிடைக்கும் என்பதைக் கவுண்டரில் கேட்டபின் செலவை வாங்குபவரிடம் சொல்லுங்கள். மதிப்பைக் குறைத்து எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தொலைந்தால் எழுதிய மதிப்புதான் திரும்பி வரும். அனுப்பிய அன்றே தபால் ரசீது எண்ணை வாங்கியவருக்கு அனுப்புங்கள்.

வந்து சேர்ந்த பின்

உறை மூடியிருக்கும்போதே வீடியோ தொடங்கி, வெட்டாமல் பிரித்து, எடை போடுவது வரை எடுங்கள். சரியாக இருந்தால் 'வந்தது, நன்றி' என்று அன்றே ஒரு வரி. விற்றவர் அதற்காகக் காத்திருப்பார். குறை இருந்தால் குழுவில் கொட்டாமல் முதலில் அவரிடமே வீடியோவையும் அவருடைய விவரணையையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். விவரணையில் இல்லாத குறை என்றால் விலையும் இரு வழித் தபால் செலவும் விற்றவருடையது. சொல்லியிருந்த குறையைப் பார்த்து இப்போது மனசு மாறியது என்றால் திருப்பும் செலவு வாங்கியவருடையது. இடையில் உடைந்தது என்றால் கட்டிய விதம்தான் கேள்வி, கட்டிய அன்று எடுத்த படம் ஒன்று இருந்தால் பேச்சு பத்து நிமிடத்தில் முடியும். திருப்பி அனுப்பும் பொருளை வந்தபடியே அனுப்புங்கள். தேய்த்துப் பார்த்த காசையும், ஒரு நாள் எரித்துப் பார்த்த விளக்கையும் யாரும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.